இரண்டு நிமிடம் நான்கு நொடி

ஈவாஞ்சலின் டீச்சர் கொடுத்துவிட்ட அட்டையைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இசைப் பயிற்சியாம், அதற்கு வீட்டில் பெற்றவர் யாராவது பக்கத்தில் உட்கார வேண்டுமாம். தினமும் இருபது நிமிடம். பிள்ளை வாசிக்கும்போது போனை நோண்டக் கூடாது. தப்பு என்று சொல்லக் கூடாது, ‘இன்னொரு தடவை’ என்று சொல்ல வேண்டும். தாளத்துக்குக் கை தட்ட வேண்டும். முடித்ததும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். கீழே கட்டம் கட்டமாகப் போட்டு, கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. காலை ஐந்தரைக்குக் கிளம்பி, துறைமுகத்து எடைமேடையில் லாரிக்காரர்களிடம் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது என்று அட்டையை டிவி மேல் தூக்கிப் போட்டேன்.

என் பெயர் லிங்கராஜ். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், முத்தையாபுரத்தில் எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள். என் மனைவி சரண்யாதேவி குவைத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வீட்டில் நானும் எட்டு வயது மகள் இசக்கிசெல்வியும்தான். விடியுமுன் நான் வேலைக்குப் போனதும் பக்கத்து வீட்டு ஜீவமணி அக்கா வந்து அவளை எழுப்பி, தலை பின்னி, பள்ளிக்கூட ஆட்டோவில் ஏற்றிவிடுவார்கள். சாயங்காலம் நான் சோறாக்குவேன். அவள் சாப்பிடுவாள், நான் சாப்பிடுவேன், டிவி ஓடும். சில நாள் ‘தண்ணி வேணுமா’ என்று கேட்டதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேலை முடிந்து அந்த வீட்டுக் கதவைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

மே மாசம் சரண்யா லீவில் வருவதாக இருந்தது. வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போக என்று செல்வி ஒரு பாவாடை சட்டையைத் தனியாக மடித்து வைத்திருந்தாள். வார்டில் ஆள் இல்லை என்று கடைசி நேரத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். அன்றிலிருந்து செல்வி அம்மாவோடு பேசுவதில்லை. வீடியோவில் சரண்யா முகம் வந்தால் இவள் எழுந்து போய்விடுவாள். நான் அதட்டி உட்கார வைத்தால் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அந்தப் பக்கம் சரண்யா சிரித்துக்கொண்டே, போகட்டும், விடுங்கள் என்பாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க மாட்டாமல் நான் போனை அணைத்துவிடுவேன்.

பிறந்தநாளுக்கென்று சரண்யா அங்கிருந்தே ஆர்டர் போட்டு அனுப்பிய கீபோர்டு வந்தது ஜூன் மாசத்தில். செல்வி முதலில் அதைத் தொடவில்லை. பள்ளிக்கூடத்தில் ஈவாஞ்சலின் டீச்சர் பாட்டு வகுப்பு ஆரம்பித்து, தாமே மெட்டுப் போட்ட ‘தோணிப் பாட்டு’ என்ற ஒன்றை வாசிக்கச் சொல்லி, அட்டையையும் கொடுத்துவிட்ட பிறகுதான் பெட்டியைப் பிரித்தாள். கட்டைகள் மேல் டோ ரே மி ஃபா ஸோ லா என்று எழுதிய ஸ்டிக்கர் ஒட்டினாள். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதல் மூன்று நாள் நடந்ததைச் சொல்லவே கேவலமாக இருக்கிறது. அவள் ஒரு கட்டையை மாற்றி அமுக்கியதும் நான் ‘தப்பு’ என்பேன். எனக்கு இசை தெரியுமா என்றால் ஒரு எழவும் தெரியாது. அவள் முழித்த முழியை வைத்துத்தான் தப்பு என்று கண்டுபிடிப்பேன். ‘தப்பு’ என்றதும் அவள் விரல் கட்டையிலேயே விறைத்து நின்றுவிடும். பிறகு இருபது நிமிடம் முடிகிறவரை சும்மா உட்கார்ந்திருப்பாள். நான் கையெழுத்துப் போடுவேன்.

நாலாம் நாள் அட்டையை இன்னொரு தடவை படித்தேன். சரி, அந்தம்மா படித்தவர்கள், சொன்னதைச் செய்துதான் பார்ப்போம் என்று தாளத்துக்குக் கை தட்ட ஆரம்பித்தேன். நான் தட்டுவது ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். இரண்டு வரி போனதும் செல்வி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பல் விழுந்த ஓட்டை தெரியச் சிரித்தாள். மே மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். என் கையைப் பிடித்து, எப்போது தட்ட வேண்டும், எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அன்று இருபது நிமிடம் நாற்பது நிமிடம் ஆனது.

அடுத்த நாள் வாசித்து முடித்ததும், கட்டைகளைத் துணியால் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

“அம்மாக்கு இத அனுப்புங்கப்பா.”

போனில் ரெக்கார்டரை ஓட விட்டு, திரும்ப வாசிக்கச் சொல்லி, சரண்யாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘சூப்பர்டா செல்லம்’, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். செல்வி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் போய்ப் படுத்தாள். பேச மாட்டாள், முகத்தைக் காட்ட மாட்டாள், ஆனால் தினமும் பாட்டை அனுப்பச் சொல்வாள். தாய்க்கும் மகளுக்கும் நடுவில் மிச்சமிருந்தது இது ஒன்றுதான். இது அறுந்தால் அவ்வளவுதான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும்தான் செய்தேன்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த வாரத்தில் நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்து நின்றது. கப்பலுக்கும் யார்டுக்கும் லாரிகள் ஓயாமல் ஓடும். இரண்டு மணிக்கு முடிய வேண்டிய வேலை எட்டு மணி வரை இழுத்தது. எடைமேடையில் எனக்கு ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் கை நுழைகிற அளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத்தான் உலகம் என்னோடு பேசும். “அண்ணாச்சி, டேர் போட்டாச்சா” என்பதைத் தவிர அது வேறு எதுவும் கேட்காது. டேர் என்றால் வெறும் லாரியின் எடை. அதை ஒவ்வொரு நடைக்கும் போட்டுப் பார்க்க மாட்டோம். காலையில் ஒரு தடவை காலி வண்டியை ஏற்றி எடை பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்வோம். பிறகு நாள் முழுக்க அந்த எடைதான். அதே வண்டி, அதே டிரைவர், திரும்பத் திரும்ப என்னத்துக்கு நிறுத்துப் பார்க்க வேண்டும்?

முதல் நாள் எட்டரைக்கு வீட்டுக்கு வந்தபோது மூக்குச் சிந்தினால்கூடக் கரியாக வந்தது. செல்வி ஜீவமணி அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து கீபோர்டு முன்னால் எனக்காக உட்கார்ந்திருந்தாள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அம்மாவுக்கு என்று இழுத்தாள். அம்மாவுக்கு இந்த வாரம் வேலை ஜாஸ்தி, கேட்க நேரமிருக்காது என்று வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். அவள் எழுந்து போனாள்.

குளித்துவிட்டு வந்து போனை எடுத்தால் சரண்யா கேட்டிருந்தாள், இன்றைக்குப் பாட்டு வரவில்லையா என்று. முந்தின நாள் பதிவு போனில் அப்படியே இருந்தது. இரண்டு நிமிடம் நான்கு நொடி. நான் ஏசாமல், அவள் முழிக்காமல், முதலிலிருந்து கடைசி வரை வாசித்த பதிவு அது ஒன்றுதான். எடுத்து அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு செய்தால் மேலேயே எழுதிக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் ரெக்கார்டரில் இருந்தே புதிதாக அனுப்பினேன். அந்த அளவுக்கு மூளை வேலை செய்தது. ‘சூப்பர்டா செல்லம்’ என்று பதில் வந்தது, பக்கத்தில் இதயமும் வந்தது.

பிள்ளை அதே பிள்ளை, பாட்டு அதே பாட்டு. ஒரு தடவை பிடித்து வைத்தாயிற்று, போதாதா?

கப்பல் ஒன்பது நாளில் போய்விட்டது. எனக்குத்தான் அந்தப் பழக்கம் போகவில்லை. சாயங்காலம் வந்ததும் ஒரு தட்டு தட்டினால் வேலை முடிந்தது. வெள்ளிக்கிழமை அட்டையில் ஐந்து கட்டத்துக்கும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன். செல்வி இரண்டு நாள் கேட்டாள், மூன்றாம் நாள் கேட்கவில்லை. கீபோர்டு மேல் அவளே ஒரு பழைய துண்டைப் போட்டு மூடினாள். திரும்பவும் டிவி ஓடியது. திரும்பவும் ‘தண்ணி வேணுமா’. இருந்த ஒரு சிரிப்பையும் நானே அணைத்துவிட்டேன் என்று ஒருநாள் சோறு பிசையும்போது உறைத்தது. நாளையிலிருந்து உட்கார வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாளை வரவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சோறு ஆக்கி இறக்கிவிட்டு, கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. பரவாயில்லையே, தானாக உட்கார்ந்துவிட்டாளே என்று சந்தோஷப்பட்டேன். பாட்டு நின்றது. முதலிலிருந்து திரும்ப ஆரம்பித்தது. நடுவில் குக்கர் விசில் அடித்தது. அடுப்பில் குக்கரே இல்லை.

ஈரத் துணியோடு ஓடிப்போய்ப் பார்த்தேன். விளையாட என் போனை எடுத்தவள், அம்மாவின் பெயரைத் தொட்டிருக்கிறாள். வரிசையாகப் பத்தொன்பது பதிவு. எல்லாம் இரண்டு நிமிடம் நான்கு நொடி. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சூப்பர்டா செல்லம், ஒரு இதயம். முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். என்மேல் கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

“அம்மா கேக்கவே இல்ல,” என்றாள். “கேட்டிருந்தா ஒரே பாட்டுன்னு சொல்லிருப்பா. கேக்காமலே ஹார்ட்டு போட்டுருக்கா.”

கீபோர்டின் வயரைப் பிடுங்கினாள். ஸ்டிக்கர்களை ஒவ்வொன்றாக உரித்தாள். பெட்டிக்குள் வைத்து மூடி, கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்துக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. குற்றம் முழுக்க என்னுடையது. அது அவ்வளவும் கடல் தாண்டி இருக்கிறவள் தலையில் போய் விடிந்திருக்கிறது. எத்தனை லிட்டர் டீசல் குறைந்தால் காலையில் பிடித்த டேர் பொய்யாகும் என்று எனக்குத் தெரியும், வேலையே அதுதான். வீட்டில் இத்தனை நாளில் என்ன குறைந்தது என்று பார்க்கத் தெரியவில்லை.

மொட்டை மாடிக்குப் போய் சரண்யாவைக் கூப்பிட்டேன். அன்று அவளுக்கு ஓய்வு நாள். தூக்கத்திலிருந்து எழுந்த குரலில் பேசினாள். எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல் வந்தது, களைத்துப் போனது, ரெக்கார்டரிலிருந்து எடுத்து அனுப்பியது, பிள்ளை இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது, எதையும் விடவில்லை.

“தெரியும்,” என்றாள். “ரெண்டாம் நாளே தெரியும். மூணாவது விசிலு அதே எடத்துல வந்துச்சுல்லா.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தெரிந்தவள் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாமே, தினமும் எதற்கு அந்த இதயத்தைப் போட்டுக்கொண்டிருந்தாய் என்று கத்தினேன். எதிர் வீட்டு மாடியில் வடகம் காயப் போட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதுக்குத்தான் சொல்லல,” என்றாள் சரண்யா. “சொன்னா நீங்க கோவப்படுவிய. கோவத்துல பிள்ளய ஏசி உக்கார வைப்பிய. அவ பாட்டையே வெறுத்துருவா. பொறவு அந்த ரெண்டு நிமிசமும் எனக்கு வராது. வாரத வாங்கிக்கிடுவோம்னு இருந்துட்டேன்.”

எடைமேடையில் பதினாலு வருஷமாக எத்தனையோ பேர் என்னை எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள். ஒருத்தனும் என்னை இப்படி அடித்ததில்லை. என் கோபத்துக்குப் பயந்துகொண்டு ஒருத்தி குவைத்தில் உட்கார்ந்து ஒரே பதிவை வைத்துப் பத்தொன்பது நாளை ஓட்டியிருக்கிறாள். மாடியில் நின்று அழுதேன். உப்பளக் காற்று கண்ணில் பட்டது என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அழுதேன். அவள் போனைப் பிள்ளையிடம் கொண்டு போகச் சொன்னாள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் வைத்தால் போதும் என்றாள்.

கீழே வந்து, ஸ்பீக்கரைப் போட்டு, கட்டிலில் செல்வியின் முதுகுக்குப் பின்னால் போனை வைத்தேன். அம்மா பேசுகிறாள் என்றேன். அவள் அசையவில்லை. காதைப் பொத்திக்கொண்டாள். சரண்யா கேட்டிருந்தால் அதட்டிக் கையை எடுத்துவிட்டிருப்பேன், அவள் அதெல்லாம் கேட்கவில்லை. செல்வி என்று கூப்பிடக்கூட இல்லை. ‘கிரீச்’ என்று வாயால் ஒரு சத்தம் போட்டாள். என்ன இது என்று எனக்குப் புரியவில்லை. பிறகு குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, “ம், வாசி” என்றாள். அது நான். அந்தப் பதிவின் தொடக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நான் சொன்னது.

பிறகு தோணிப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தாள். சரண்யா பாடி நான் கேட்டதே இல்லை. முதல் வரி, இரண்டாம் வரி, ஒழுங்காகப் போனது. மூன்றாம் வரியில் லாரி ஹாரன் மாதிரி ஒரு தடவை ஊதினாள். நாலாவது வரி தொடங்கியதும் பட்டென்று நிறுத்தினாள்.

“அப்பா, மூணு விசிலு.”

அப்படியே செல்வி குரல். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். கட்டாகவில்லை, நொடி ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து, அடுப்படிக்குப் போய், கேஸை அணைத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் அவள் சும்மா இருந்தாள். செல்வியின் கை காதிலிருந்து இறங்கியிருந்தது. பிறகு சரண்யா விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். கடைசி வரியை முடித்துவிட்டு, என் குரலில், “நல்லாருக்குளா” என்று மெச்சினாள். அந்தப் பதிவின் கடைசியில் நான் அப்படிச் சொன்னது எனக்கே மறந்துபோயிருந்தது.

செல்வி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். “கடைசில ஸோ இல்ல. லா.”

“நீ ஸோதானளா வாசிச்ச,” என்றாள் சரண்யா. “எனக்கு அதுதான் தெரியும்.”

பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு திரும்பிப் படுத்தாள். போனைக் கையில் எடுத்து, அம்மாவின் முகம் இல்லாத அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கே வைத்துக் கேட்டாய், பஸ்ஸிலா என்றாள். பஸ்ஸில் கேட்டேன், சாப்பிடும்போது கேட்டேன், என்னோடு அறையில் தங்கியிருக்கிறவர்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது என்று சரண்யா சொன்னாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செல்வி இறங்கிப் பெட்டியை வெளியே இழுத்தாள். வயரைச் செருகினாள். ஸ்டிக்கர் போன கட்டைகளில் விரலால் தடவி டோவைத் தேடினாள். வீடியோவைப் போட்டு, போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தாள். நான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்தேன், அது கிரீச்சிட்டது, போனில் சரண்யா சிரித்தாள், செல்வியும் சிரித்தாள். நான் கை தட்டத் தயாராக உட்கார்ந்தேன். அவள் ஆரம்பிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“குக்கர வைங்கப்பா.”

“சோறு ஆக்கியாச்சேளா.”

அவள் விரலைக் கட்டை மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய், குக்கரில் இரண்டு தம்ளர் வெறும் தண்ணீரை ஊற்றி, மூடி, வெயிட்டைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்தேன்.